லிஃப்ட்காரர் வீட்டுச் சிவப்பு எழுத்து

லிஃப்ட்காரரும் அவர் மனைவியும் பேசிக்கொண்டு பதினான்கு வருடம் ஆகியிருந்தது. சண்டைக்காரக் குடும்பம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரு தட்டு பறந்ததில்லை, ஒரு கதவு அறைந்து சாத்தப்பட்டதில்லை. பஸ்ஸில் ஒரு குடை தொலைந்து போயிற்று, அவ்வளவுதான். "நீதான் விட்டுட்டு வந்தே" என்றார் அவர். "நீங்கதான் கையில வெச்சிருந்தீங்க" என்றார் மனைவி. அன்று இரவு அவராகப் பேசட்டும் என்று இவர் இருந்தார், இவராகப் பேசட்டும் என்று அவர் இருந்தார். இருந்தார்கள், இருந்தார்கள், பதினான்கு வருடம் இருந்தே விட்டார்கள். அந்தக் குடையின் விலைக்கு அன்றைக்கு ஒரு நல்ல டார்ச் லைட்கூடக் கிடைத்திருக்காது.

அவருக்குத் தொழில் லிஃப்ட் பழுது பார்ப்பது. இருபத்தாறு வருடச் சர்வீஸ். எந்தக் கட்டடத்து லிஃப்ட் எந்த மாடியில் முனகும், எது மழைநாளில் கதவைத் திறக்க அடம்பிடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மனைவி ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தார். வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு ஊசி குத்த வேண்டும் என்பதால் காலை ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவார். லிஃப்ட்காரர் எழுந்திருப்பதே ஏழு மணிக்கு. இந்த ஏற்பாடு மௌனத்துக்கு மிகவும் வசதியாக இருந்தது.

ஆனாலும் ஒரு குடும்பம் என்றால் நாலு விஷயம் சொல்லியாக வேண்டும் அல்லவா? அதற்கு மகள் இருந்தாள். ஏழு வயதில் அவள் இந்த வேலையில் சேர்ந்தாள். "உங்கப்பாகிட்ட மோட்டாரை நிறுத்தச் சொல்லு" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். அப்பா மூன்றடி தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார். இரண்டு காதிலும் கணீரென்று விழுந்திருக்கும். ஆனால் மகள் வந்து, "அப்பா, மோட்டாரை நிறுத்தணுமாம்" என்று சொன்ன பிறகுதான் எழுந்திருப்பார். அதுதான் முறை. போகப்போக அவள் கை தேர்ந்துவிட்டாள். "இன்னும் எவ்வளவு நேரம்னு கேளு" என்று அப்பா உறுமினால், "அம்மா, அப்பாவுக்குப் பசிக்குதாம், பாவம்" என்று கொண்டுபோய்ச் சேர்ப்பாள். அவள் பாதி வார்த்தையை வழியிலேயே தூக்கிப் போட்டதால்தான் அந்த வீடு இத்தனை வருடம் உடையாமல் நின்றது என்பது என் கட்சி.

அவளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. பெற்றவர்கள் இருவரும் பஸ் நிலையத்தில் நின்று அழுதார்கள். மகளைப் பிரிகிற துக்கம் பாதி, இனி மோட்டார் விஷயத்தை யார் சொல்வது என்கிற திகில் பாதி.

திகில் பொய்யில்லை. முதல் வாரத்தில் வீட்டில் ஆறு பாக்கெட் பால் சேர்ந்தது, ஏனென்றால் இருவரும் வாங்கினார்கள். அடுத்த வாரம் ஒரு பாக்கெட்கூட இல்லை, ஏனென்றால் இருவரும் விட்டுக்கொடுத்தார்கள். இவர் போட்ட மோட்டாரை அவர் நிறுத்தினார். நின்றிருக்கிறதே என்று இவர் மறுபடி போட்டார். தண்ணீர் மாடியிலிருந்து அருவியாகக் கொட்டி, கீழ்வீட்டுக்காரரின் துணியெல்லாம் இரண்டாவது முறை துவைக்கப்பட்டது. பிறகு இருவரும் தனித்தனியாகப் போனை எடுத்தார்கள். "அம்மாகிட்ட என் மூக்குக்கண்ணாடி எங்கேன்னு கேளும்மா" என்று ஹாலிலிருந்து அப்பா. "உங்கப்பா தலைமேலயே இருக்குன்னு சொல்லு" என்று சமையலறையிலிருந்து அம்மா. நூறு மைலுக்கு அப்பால் ஒரு மீட்டிங்கில் உட்கார்ந்திருந்த மகள், பதினேழாவது அழைப்பில் பொறுமை இழந்தாள்.

"இனிமே எனக்கு இந்த வேலை வேண்டாம். ராஜினாமா பண்ணிட்டேன். நீங்களே ஒரு வழி பண்ணிக்குங்க" என்று இருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

போனில் எழுதி அனுப்பினால் தீர்ந்தது என்று உங்களுக்குத் தோன்றும். அவர்களுக்கு அது ஒத்துவராது. போனில் அனுப்பினால் அது நேராக மனைவிக்கு அனுப்பியதாகிவிடும். அப்படியென்றால் யார் முதலில் பேசியது? துண்டுச்சீட்டில் எழுதலாமென்றால் கையெழுத்து வந்துவிடும். கையெழுத்து வந்தால் குரல் வந்த மாதிரிதான். ஆளைக் குறிக்காமல், வீட்டுக்குப் பொதுவாக ஓர் அறிவிப்புப் பலகை இருந்தால் யாருடைய மானமும் போகாது. பஸ் நிலையத்தில் ஓடுகிற எழுத்து யாரையாவது பார்த்தா பேசுகிறது?

லிஃப்ட்காரரின் கைவசம் கழித்துப்போட்ட லிஃப்டிலிருந்து எடுத்த சிறிய எழுத்துப் பலகை ஒன்று இருந்தது. சோப்புப் பெட்டி நீளம். சிவப்பு எழுத்து, ஒரே வரி. ஒரு நேரத்தில் எட்டு எழுத்துதான் தெரியும்; மீதி வலதிலிருந்து இடமாக ஊர்ந்து வரும், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வரும். அதன் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு போர்டு. லிஃப்டுக்குள் 'கதவு மூடுகிறது', 'கதவு திறக்கிறது' என்று ஓடவிடுகிற புரோகிராம் அதில் ஏற்கெனவே இருந்தது. அதில் நாலு வரியை மாற்றி, கம்ப்யூட்டர் விசைப்பலகை ஒன்றைக் கோத்து, எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துச் சமையலறை மேடையில், இருக்கிற ஒரே பிளக்கில் சொருகி வைத்தார். 'பால் தேவை' என்று தட்டிப் பார்த்தார். சிவப்பாக ஓடியது. மறுநாள் காலை அதே இடத்தில், 'பால் வாங்கியாயிற்று' என்று ஓடிக்கொண்டிருந்தது. பதினான்கு வருடத்தில் மகள் வாய் படாமல் மனைவியிடமிருந்து வந்த முதல் வார்த்தை. லிஃப்ட்காரர் அதை மூன்று சுற்று பார்த்தார்.

அப்படி ஒரு வழக்கம் உண்டாயிற்று. மனைவி ஆறு மணிக்குக் கிளம்புமுன் எழுதுவார். லிஃப்ட்காரர் ஒன்பது மணிக்குக் கிளம்புமுன் படித்துவிட்டு, அதன்மேலேயே பதில் தட்டிவிட்டுப் போவார். மூன்று மணிக்கு வீடு திரும்பும் மனைவி அதைப் படிப்பார். சாயங்காலம் இருவரும் ஹாலில் உட்கார்ந்து டிவி பார்ப்பார்கள். டப்பா உள்ளே தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டு வாரம் நன்றாகப் போயிற்று என்றுதான் அவர் நினைத்தார். பிறகு மகளிடமிருந்து போன்.

"ராஜினாமாவை ஒரு நாளைக்கு மட்டும் வாபஸ் வாங்கிக்கிறேன். ஏம்ப்பா, அம்மாவைப் பழிப்புக் காட்டறீங்களாமே?"

"நானா?"

"அவங்க எழுதினதையே திருப்பி எழுதிக் கிண்டல் பண்றீங்களாம். சட்டையில பட்டன் இல்லைன்னு சொன்னீங்களாம். அம்மா பாவம், லேப் கோட்டைக் கண்ணாடி முன்னாடி நின்னு மேலிருந்து கீழ வரைக்கும் பார்த்தாங்களாம்."

லிஃப்ட்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மறுநாள் பதில் தட்டியதும் ஓடிவிடாமல் நின்று பார்த்தார். மனைவி எழுதியிருந்தது: 'தண்ணீர் டேங்க் நிரம்பிவிட்டது. பால் வாங்க வேண்டும்.' அதன்மேல் இவர் 'சரி.' என்று தட்டினார். டப்பாவில் ஓடியது: 'சரி.ர் டேங்க் நிரம்பிவிட்டது. பால் வாங்க வேண்டும்.' விஷயம் விளங்கியது. தட்டிய அளவுக்குத்தான் பழைய எழுத்து போயிற்று. மீதி அப்படியே வாலாகத் தொங்கியது. முந்தின நாள் இவர், 'இன்று வர நேரமாகும்' என்றுதான் தட்டியிருந்தார். மனைவி இவருக்குச் சொல்லியிருந்த பட்டன் சமாசாரம் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு மனைவிக்கே திரும்பிப் போயிருக்கிறது.

"சத்தியமா டப்பாக் கோளாறும்மா. அம்மாகிட்டச் சொல்லு, சரி பண்ணிடறேன்" என்று மகளுக்குப் போன் போட்டுக் கெஞ்சினார்.

அன்று சாயங்காலமே டப்பாவைத் திறந்து ஹால் நடுவில் பரப்பினார். லிஃப்டில் ஒரு விளக்கு எரியவில்லை என்றால் முதலில் ஒயரைச் சந்தேகப்படுவது அவர் வழக்கம். எல்லா ஒயரையும் மாற்றி, நீளமாக எதையாவது தட்டி, அதன்மேல் 'சரி.' தட்டிப் பார்த்தார். வால் போகவில்லை. பவர் சப்ளையைச் சந்தேகப்பட்டு வேறொன்றைப் போட்டார். வால் இருந்தது. போர்டில் ஈரம் ஏறியிருக்குமோ என்று மனைவியின் ஹேர் டிரையரை எடுத்துச் சூடு காட்டினார். எழுத்துப் பலகையையே கழற்றி, வேறு லிஃப்டிலிருந்து இன்னொன்றைக் கொண்டுவந்து பொருத்தினார். புதுப் பலகையில் அதே வால் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. தினமும் சாயங்காலம் ஈய வாசனை, மூக்குக்கண்ணாடி, முணுமுணுப்பு. டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மனைவி டிவியைவிட இதைத்தான் அதிகம் பார்த்தார்.

அந்த நாட்களில்தான் அதிசயம் நடந்தது. மனைவியின் எழுத்து நீண்டது. ஒரு நாள் காலை லிஃப்ட்காரர் பல் தேய்த்துக்கொண்டே வந்து பார்த்தால், டப்பாவில் இப்படி ஓடியது: 'நேற்று லேபில் ஒரு பெரியவர் ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்தார். ரத்தம் கொடுக்க வந்தது அவர் இல்லை, அவர் மனைவி. அந்தம்மா ஒரு கையை எங்களிடம் நீட்டிக்கொண்டு இன்னொரு கையால் அவருக்கு விசிறினாள். பால் இருக்கிறது.'

லிஃப்ட்காரர் பல் தேய்க்கும் பிரஷோடு சிரித்தார். வாய் நுரை மேடையெல்லாம் தெறித்தது. அடுத்த நாள் மகளின் சமையல் பற்றி. அதற்கடுத்த நாள் கீழ்வீட்டுக்காரர் இன்னும் முறைக்கிறார் என்பது பற்றி. எட்டெட்டு எழுத்தாக ஊர்ந்து வருகிறதைப் படித்து முடிக்க ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடம் ஆகும். அவர் கொக்கு மாதிரி நின்று முழுசாகப் படிப்பார், பிறகு இன்னொரு சுற்று படிப்பார். இரண்டு முறை பஸ்ஸைத் தவறவிட்டார். மூன்றாம் நாள் வேலைக்குப் போகுமுன் தலைக்கு எண்ணெய் தடவிப் படிய வாரினார். ஐம்பத்து மூன்று வயதில் அவருக்கு மனைவி மேல் ஆசை வந்துவிட்டது. இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஒன்பது நாள் அப்படி இருந்தார். பத்தாம் நாள், எப்படியும் வாலை வெட்டிவிட்டு மனைவியிடம் நல்ல பெயர் வாங்கிவிடுவது என்று கம்பெனியில் இருந்த புரோகிராம் மேடத்திடம் போனார். லிஃப்டுகளுக்கு எழுத்து எழுதிக் கொடுப்பது அந்தப் பெண்தான்.

"அண்ணா, இது ஒயர் பிரச்சனையே இல்ல" என்று அந்தப் பெண் ஒரு பார்வையிலேயே சொல்லிவிட்டாள். "லிஃப்ட்ல எல்லா மெசேஜும் ஒரே நீளம். சின்னதா இருந்தா நானே பின்னாடி காலி இடம் போட்டுச் சமமாக்கிடுவேன். அதனால பழசை அழிக்கிற வரியே அதுல கிடையாது, தேவையும் இல்ல. நீங்க வீட்டுல இஷ்டத்துக்கு நீளம் எழுதறீங்க. புதுசு எழுதறதுக்கு முன்னாடி பழசை அழின்னு ஒரு வரி சேருங்க, போயிடும்."

"ஒரே ஒரு வரியா?"

"ஒரே வரி. அதுவும் வேண்டாம்னா, பழசைவிடப் புதுசு நீளமா இருந்தாப் போதும். வால் மறைஞ்சிடும்."

லிஃப்ட்காரர் முகத்தில் ஈயாடவில்லை. பழசைவிடப் புதுசு நீளமாக இருந்தால் வால் மறைந்துவிடும். அப்படியா சேதி! மனைவி கணக்கானவர். ஒரு சொட்டு ரத்தத்தில் எத்தனை அணு என்று எண்ணுகிறவர். வால் எப்போது தெரிகிறது, எப்போது மறைகிறது என்று இரண்டே நாளில் கண்டுபிடித்திருப்பார். தன் எழுத்துக்குப் பின்னால் எதுவும் தொங்கக் கூடாது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் போட்டு நிரப்பியிருக்கிறார். மயங்கி விழுந்த பெரியவர், மகளின் சமையல், கீழ்வீட்டு முறைப்பு எல்லாம் வெறும் அடைப்பு! இவர் என்னவோ தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு நின்றாரே!

அன்று பஸ்ஸில் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண் கலங்கியது உண்மை.

அந்த ஒரு வரியை அவர் சேர்க்கவில்லை. சேர்த்தால் என்ன ஆகும்? மனைவி மறுபடி 'பால் இருக்கிறது' என்று இரண்டு வார்த்தையோடு நிறுத்திவிடுவார். பொய்யோ மெய்யோ, சமையலறையில் ஏதோ ஒன்று நீளமாக ஓடிக்கொண்டிருப்பது நல்லதுதானே? ஆகவே சாயங்காலம் தோறும் டப்பாவைப் பிரித்து, நன்றாக இருக்கிற பாகத்தையெல்லாம் கழற்றி, அதே பாகத்தையே திரும்ப மாட்டினார். நல்ல ஒயரை வெட்டி மறுபடி ஒட்டவைத்தார். "ரொம்பச் சிக்கலான கோளாறு" என்று டிவியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார். பழுது பார்ப்பதில் இருபத்தாறு வருடம் பெயர் எடுத்த மனிதர் ஒரு பழுதைப் பாதுகாக்க இத்தனை பாடுபட்டார்.

ஆனால் படிப்பதை நிறுத்திவிட்டார். மனசு கேட்கவில்லை. அடைப்பு என்று தெரிந்த பிறகு அதை நின்று படிக்க ரோஷமாக இருந்தது. முதல் நாலு வார்த்தை கண்ணில் படும்; பிறகு திரும்பிக்கொண்டு தலை வாருவார். பின்னால் சிவப்பாக ஓடுகிற வெளிச்சம் கண்ணாடியில் தெரியும். அது போதும் என்று வைத்துக்கொண்டார். கிளம்பும்போது 'சரி.' என்று தட்டுவார். தினமும் அதே 'சரி.'தான். இப்படிப் பத்தொன்பது நாள்.

அந்தப் பத்தொன்பது நாளுக்குள் ஒரு வியாழக்கிழமை மகள் கூப்பிட்டாள். குரலில் துள்ளல்.

"அப்பா! சரின்னு சொல்லிட்டீங்களாமே! என்னால நம்பவே முடியல!"

எதற்கு என்று கேட்டால் குட்டு உடைந்துவிடும். "ஆமா... சொன்னேன்" என்றார்.

"அப்புறம்? எப்படி இருந்தது?"

"நல்லா இருந்தது" என்று வைத்தார். என்ன நல்லாயிருந்தது என்று கடவுளுக்கே வெளிச்சம்.

அடுத்த திங்கட்கிழமை அவளே மறுபடி கூப்பிட்டாள். துள்ளல் போயிருந்தது. "சரின்னு சொல்லிட்டு என்னப்பா பண்ணீங்க? கேட்டா அம்மா என்கிட்ட எதுவும் சொல்லல. சொல்லாததுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றாள். லிஃப்ட்காரர், "பார்த்துக்கறேன்மா" என்றார். எதைப் பார்த்துக்கொள்வது என்று தெரியாமல் அன்று முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டார். வீட்டை விற்பதற்குச் சரி சொல்லியிருக்கிறாரா? மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்றா? மனைவி தனியாகப் போய்விடுவதாக எழுதி, அதற்கும் 'சரி.' தட்டிவிட்டாரா? கடைசி நினைப்பு வந்ததும் ஆறாம் மாடி மோட்டார் அறையில் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை டப்பாவில் நீள எழுத்து இல்லை. 'பால் இருக்கிறது.' அவ்வளவுதான். முற்றுப்புள்ளிக்குப் பிறகு பலகை இருட்டாக ஓடிற்று.

லிஃப்ட்காரர் சீப்போடு நின்றார். முதலில் அதை இரண்டு சுற்று பார்த்தார். அப்புறம்தான் உள்ளே இருந்த மெக்கானிக் விழித்துக்கொண்டார். இது நடக்க முடியாத காரியம். நேற்று ராத்திரி டப்பாவை மாட்டிய பிறகு இவர் சோதனைக்குத் தட்டிய நீள எழுத்தும் அதன்மேல் தட்டிய 'சரி.'யும் உள்ளே இருக்கும்போது, புள்ளியும் இடைவெளியும் சேர்த்து வெறும் பத்து எழுத்து எழுதினால் பின்னால் முழம் நீளத்துக்கு வால் தொங்க வேண்டும். தொங்கவில்லை. டப்பா தானாகச் சரியாகிவிட்டதா? 'அ' என்று ஒரே ஓர் எழுத்தைத் தட்டிப் பார்த்தார். 'அல் இருக்கிறது.' என்று ஓடியது. கோளாறு பத்திரமாக இருந்தது. அப்படியென்றால் மனைவி எழுதுமுன் யாரோ பழசைத் துடைத்திருக்கிறார்கள். ஆரம்ப நாட்களில் மனைவியின் குட்டிக் குட்டி வரிகளுக்குப் பின்னால்கூட ஒரு நாளும் வால் தொங்கியதில்லையே! தொங்கியதெல்லாம் இவர் எழுத்துக்குப் பின்னால்தான். இத்தனை நாள் இது உறைக்கவில்லை. தன்னைத்தானே தலையில் ஒரு குட்டு குட்டிக்கொண்டார்.

அடுத்த நாள் ஐந்தேகால் மணிக்கு விழித்துக்கொண்டு, ஹாலில் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மறைந்து நின்றார். சொந்த வீட்டில் திருடன் மாதிரி.

மனைவி சமையலறைக்கு வந்தார். விளக்கைப் போட்டார். மேடைக்குப் போய், இருக்கிற ஒரே பிளக்கிலிருந்து டப்பாவைப் பிடுங்கினார். சிவப்பு அணைந்தது. அதே பிளக்கில் கெட்டிலைச் சொருகினார். தண்ணீர் கொதித்தது, காபி கலந்தார், நின்றுகொண்டே குடித்தார். பிறகு கெட்டிலைப் பிடுங்கிவிட்டு டப்பாவைச் சொருகினார். பலகை ஓர் எழுத்தும் இல்லாமல் துடைத்துவிட்டாற்போல இருந்தது.

மின்சாரம் போனால் அந்தப் போர்டுக்குத் தட்டிய எழுத்து எதுவும் நினைவிருக்காது. இது லிஃப்ட்காரருக்குத் தெரியாத விஷயமா? மனைவி தினமும் காபிக்காக அதைப் பிடுங்கியிருக்கிறார் என்பதுதான் தெரியாது. தினமும் காலியான பலகையில்தான் எழுதியிருக்கிறார். மறைக்க அங்கே ஒரு வாலும் இருந்ததில்லை. அத்தனையையும் சொல்ல வேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறார். அதைத்தான் இவர் பத்தொன்பது நாளாக முதுகுக்குப் பின்னால் ஓடவிட்டு, தலை வாரிக்கொண்டிருந்திருக்கிறார். இனி திரும்பப் படிக்கவும் வழியில்லை. எல்லாம் அன்றன்றைய காபியோடு போயிற்று.

மனைவி விசைப்பலகையை மடியில் வைத்துக்கொண்டார். ஒரு விரலை நீட்டினார். தட்டவில்லை. நீட்டிய விரலோடு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து லிஃப்ட்காரரின் பையில் போன் அலறியது. மனைவி திடுக்கிட்டுத் திரும்பினார். செருப்பு ஸ்டாண்டுப் பக்கத்தில் கணவர்! லிஃப்ட்காரர் வேறு வழியில்லாமல் போனை எடுத்தார். பக்கத்துத் தெரு அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒருவர் காலை நடைக்குக் கிளம்பி, மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் ஆனாக இருந்ததால் அவர் அலறல் வீடெல்லாம் கேட்டது.

"பயப்படாதீங்க. காத்து வரும். கீழ விழாது. உட்கார்ந்துக்குங்க, நான் கிளம்பிட்டேன், பேசிக்கிட்டே இருங்க" என்றார் லிஃப்ட்காரர். சொல்லிவிட்டு, அதே மூச்சில், போனைக் கையில் பிடித்தபடியே மனைவியைப் பார்த்தார்.

"நீ எழுதினதை நான் படிக்கல."

மனைவியின் விரல் அந்தரத்தில் நின்றது.

"பத்தொன்பது நாளா எதையுமே முழுசாப் படிக்கல. வாலை மறைக்கத்தான் நீட்டி நீட்டி எழுதறேன்னு நினைச்சேன்."

"எந்த வால்?" என்றார் மனைவி. பதினான்கு வருடத்துக்குப் பிறகு நேராக அவரிடம் சொன்னது. "பிடுங்கிச் சொருகினாத்தான் போயிடுதே."

"நீ தினமும் பிடுங்கறது எனக்குத் தெரியாது."

"டப்பா பண்ணினது நீங்கதானே?"

"நான்தான்."

போனுக்குள்ளிருந்து, "சார்? ஹலோ? சார்?" என்று கேட்டது. "இருக்கேன், இருக்கேன்" என்றார் லிஃப்ட்காரர். "நான் எதுக்குச் சரின்னு எழுதினேன்? அதை மட்டுமாவது சொல்லு. நீ எங்கேயாவது போறியா?"

மனைவி விசைப்பலகையை மேடையில் வைத்தார்.

"போன வாரம் புதன்கிழமை எழுதியிருந்தேன். தினமும் சாயங்காலம் அந்த டப்பாவைப் போட்டு உருட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க, பார்க்கப் பாவமா இருக்கு, இதெல்லாம் வேண்டாம், இன்னிக்கு சாயங்காலத்துலேர்ந்து வாயாலேயே பேசிக்கலாமான்னு. நீங்க சரின்னு எழுதிட்டுப் போனீங்க. நான் மூணு மணிக்கு வந்து படிச்சேன். மூஞ்சி கழுவி, டிவியை அணைச்சுட்டு, ஹால்ல உட்கார்ந்திருந்தேன்."

லிஃப்ட்காரருக்கு அந்தச் சாயங்காலம் நன்றாக நினைவுக்கு வந்தது. வீட்டுக்குள் வந்ததும் மனைவி நிமிர்ந்து பார்த்தார். டிவி ஓடவில்லை. அடடா, டிவி கெட்டுப்போச்சே என்று இவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்து, அதன் பின்பக்கத்தைக் கழற்றி, ஒன்பது மணிவரை ஒரு கோளாறும் இல்லாத டிவியைப் பழுது பார்த்தார். மனைவி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து படுக்கப் போய்விட்டார்.

லிஃப்ட்காரர் அழுதார். நின்ற இடத்திலேயே, போனைக் காதுக்கும் வைக்காமல் பைக்குள்ளும் போடாமல், வாய்விட்டே அழுதார்.

"சார்" என்றது போன், தயங்கித் தயங்கி. "ஒண்ணும் அவசரமில்ல சார். காத்து வருது. நீங்க பேசிட்டு வாங்க."

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, லேப் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "அந்த ஆளை முதல்ல இறக்கி விடணும். கிளம்புங்க" என்றார்.

லிஃப்ட்காரர் நகரவில்லை. வாசலைத் தாண்டினால் மறுபடி எல்லாம் மூடிக்கொண்டுவிடுமோ என்று அவருக்குப் பயம். "அந்தப் பத்தொன்பது நாள்ல மத்ததெல்லாம் என்ன எழுதியிருந்தே?" என்றார்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"நடங்க. போற வழியில சொல்றேன்."

அந்தக் கட்டடம் ஐந்து நிமிட நடை. அவர்கள் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. லிஃப்டுக்குள் இருந்தவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.